பட்டாளத்தில் பாதிரியும் பண்டிதரும்

கடலூருக்கு வரும் யாத்திரிகர்களில் பெரும்பாலோர் திருப்பாதிரிப்புலியூரில் இறங்கிப் பாடலீசுவரரைத் தரிசித்துவிட்டு அடுத்த வண்டிக்குத் திரும்பிவிடுகிறார்கள். கெடிலம் ஆற்றைக் கடந்து அக்கரைக்கு வந்தால் மஞ்சக்குப்பம். விசாலமான மைதானம், அதை அடுத்துப் பழைய கச்சேரிக் கட்டடங்கள், கும்பினியின் கவர்னர்கள் காற்று வாங்குவதற்கென்று கட்டிக்கொண்டு, பிற்காலத்தில் கலெக்டர்களின் வாசஸ்தலமாகிவிட்ட தோட்ட மாளிகை. அங்கிருந்து கடலை நோக்கிச் சென்றால் தேவனாம்பட்டினம். ஒரு காலத்தில் சோழமண்டலக் கரையையே ஆட்டிவைத்த செயின்ட் டேவிட் கோட்டையின் இடிபாடுகள் அங்கே இருக்கின்றன.

1690-ம் வருஷத்தில் ஆங்கிலக் கும்பினியார் இக்கோட்டையை மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள். கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அவ்வளவு நிலமும் கும்பினிக்குச் சொந்தம் என்பது பேரத்தின் நிபந்தனை. குண்டு எட்டிய ஊர்களுக்கு அதன் பிறகு 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர் நிலைத்தது. 1746-ல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமாகவே, 1752 வரையில் இந்தக் கோட்டைதான் தென்னாட்டில் ஆங்கிலேயரின் தலைமை ஸ்தானமாக விளங்கியது. 1748-ல் மேஜர் ஸ்ட்ரிங்கர் லாரென்ஸ் இங்கே வந்து இறங்கி, ஒழுங்கு தெரியாமல் கிடந்த காவற்காரர்களைக் கம்பெனி கம்பெனியாகப் பிரித்துப் பழக்கத் தொடங்கினார். 'இந்திய சைனியத்தின் தந்தை' என்று சரித்திரக்காரர்கள் அவரை அழைக்கிறார்கள். ஆகவே நம் நாட்டுப் பட்டாளத்தின் ஜாதகத்தைக் கணிக்க வேண்டுமானால், அதன் பிறந்த ஊர் என்ற இடத்தில் மஞ்சக்குப்பத்து எல்லையைத்தான் எழுதவேண்டியிருக்கும்.

சிப்பாய்க்குச் சம்பளம் வேண்டும், சாப்பாடு வேண்டும், ஆயுதம் வேண்டும். இம்மூன்றையும் கணக்கிட்டுக் கொடுப்பதில் எந்தச் சர்க்காருக்கும் சிரமமில்லை. நான்காவதாக ஒன்று வேண்டியிருக்கிறது. நாளைப் பொழுதில் உயிர் இருக்குமோ இராதோ என்ற இரவில் அவன் எதைப் பிடித்துக்கொண்டு தூங்குவான்? தன் கையால் ஒருவனைக் கொன்றுவிட்டு வந்த மாலையில் யாரிடம் போய் அழுவான்? பக்கத்தில் நின்றவன் விழுந்துவிட்டால் அவனுக்குக் கடைசிக் கிரியை செய்வது யார்? இந்தக் கேள்விகளுக்காகவே உலகத்துப் படைகளில் பாதிரியும் பண்டிதரும் மௌல்வியும் கிரந்தியும் இடம் பெற்றிருக்கிறார்கள். அவர்கள் செய்த நன்மையையும், அவர்களை வைத்தும் அவர்கள் இல்லாமலும் சர்க்கார்கள் செய்த பிழைகளையும் நம் தமிழ்நாட்டுச் சரித்திரமே அழகாக எடுத்துக் காட்டுகிறது.

கும்பினியின் பாதிரிகள்

கும்பினியாருக்கு 1698-ல் அளிக்கப்பட்ட சாசனத்தில் ஒரு ஷரத்து உண்டு. கோட்டைக் காவல் உள்ள ஒவ்வோர் இடத்திலும் ஒரு பாதிரியை வைத்துப் பராமரிக்க வேண்டும். அவர் வந்து சேர்ந்த ஒரு வருஷத்துக்குள் போர்த்துகீசிய பாஷையையும், பிறகு உள்ளூர் பாஷையையும் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அது. ஷரத்து என்னவோ உயர்ந்ததுதான். ஆனால் இலாபக் கணக்கு எழுதும் கும்பினியிடம் ஆத்மக் கணக்கு எழுதும் பாதிரிகளுக்கு எப்போதும் பஞ்சமாகவே இருந்தது. சென்னைக் கோட்டையில் 1680-லேயே தேவாலயம் எழுந்துவிட்டபோதிலும், சிறிய கோட்டைகளில் உள்ள வெள்ளைச் சிப்பாய்களை ஜெர்மனியிலிருந்தும் டென்மார்க்கிலிருந்தும் வந்த மிஷனரிகளே பெரும்பாலும் கவனித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அப்படிக் கடலூருக்கு வந்தவர்களில் ஒருவர் ஜான் சக்கரியாஸ் கீர்னாண்டர். ஸ்வீடன் தேசத்தவர், 1740-ல் வந்து சேர்ந்தார். 1749-ல் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் சமாதானம் ஏற்பட்டபோது, கத்தோலிக்கக் குருமார்கள் பிரெஞ்சுக்காரருக்கு உளவு சொன்னார்கள் என்ற சந்தேகத்தின் பேரில் ஆங்கிலேயர் அவர்களை வெளியேற்றிவிட்டுக் கடலூரில் இருந்த அவர்களுடைய தேவாலயத்தைக் கீர்னாண்டரிடம் ஒப்புவித்தார்கள். ஒன்பது வருஷங்களுக்குப் பின் காற்று திசைமாறிற்று. 1758 ஜூன் மாதத்தில் பிரெஞ்சுத் தளபதி லாலி செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்து அதன் மதில்களைத் தகர்த்தெறிந்தார். இப்போது வெளியேற வேண்டிய முறை கீர்னாண்டருக்கு வந்தது. தரங்கம்பாடிக்குப் போய், அங்கிருந்து கல்கத்தாவுக்குக் கப்பலேறினார்.

அவருக்குப் பின் 1767-ல் கடலூர் மிஷனுக்கு வந்தவர் கெரிக்கே. 1782-ல் பிரெஞ்சுக்காரரும் ஹைதர் அலியின் படையும் சேர்ந்து கடலூரைக் கைப்பற்றியபோது, தப்ப வழியின்றி நின்ற ஆங்கில அதிகாரிகள் சிலரை அவர் தம் வீட்டில் மறைத்து வைத்துக் காப்பாற்றினார். கடைசியில் அவருடைய தேவாலயத்தையே வெடிமருந்துக் கிடங்காக்குவதென்று பிரெஞ்சு அதிகாரிகள் தீர்மானித்தார்கள். அதற்குமேல் அங்கிருந்து பயனில்லை என்று கண்டு கெரிக்கே நாகப்பட்டினம் சென்றார்.

இந்த இரண்டு கதைகளிலும் ஓர் உண்மை பொதிந்து கிடக்கிறது. கோட்டையில் எந்தக் கொடி பறக்கிறதோ அந்தக் கொடிக்குத் தக்கபடி கோயிலின் திறவுகோல் கைமாறியது. பாதிரி எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவருடைய பீடம் பீரங்கியின் நிழலில்தான் இருந்தது. ஒரே கிறிஸ்துவைத் தொழுதவர்களுக்குள்ளேயே நிலைமை இப்படி என்றால், வேறு தெய்வங்களைத் தொழுத தமிழ்ச் சிப்பாயின் கதி என்ன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு பெயரும் அதன் நாணயமும்

ஆயினும் அந்தக் காலத்தில் பீரங்கிக்கு மேலே தலை நிமிர்ந்து நின்ற பாதிரி ஒருவரும் இருந்தார். தஞ்சாவூரிலும் திருச்சிராப்பள்ளியிலும் ஜனங்கள் சுவார்ட்ஸ் ஐயர் என்று மரியாதையுடன் அழைத்த கிறிஸ்டியன் பிரடெரிக் சுவார்ட்ஸ்தான் அவர். 1763-ல் திருச்சியில் வெடிமருந்துக் கிடங்கு வெடித்துச் சிப்பாய்கள் பலர் மாண்டனர். அவர்களுடைய அநாதைக் குழந்தைகளுக்காகப் பணம் திரட்டிப் பள்ளிக்கூடம் வைத்தார் சுவார்ட்ஸ். 1764-ல் மதுரை முற்றுகையின்போது காயம் பட்டவர்களிடையே இருந்து பணிவிடை செய்தார். 1768-ல் சென்னைச் சர்க்கார் ஆண்டுக்கு 100 பவுன் சம்பளத்தில் அவரைத் திருச்சிப் பட்டாளத்தின் பாதிரியாக நியமித்தது. அந்தப் பணத்திலும் ஒரு பகுதி தருமத்துக்கே போயிற்று. தமிழ் பேசுவார், பாரசீகமும் மராத்தியும் அறிவார், சோறும் காய்கறியும் உண்டு காலம் கழித்தார்.

1779-ல் ஹைதர் அலியிடம் சமாதானத் தூது அனுப்பக் கும்பினியார் ஆள் தேடினார்கள். மற்ற எவரையும் நம்பமாட்டேன், அந்தப் பாதிரியை அனுப்பினால் பேசுகிறேன் என்று ஹைதர் சொல்லிவிட்டார். சுவார்ட்ஸ் ஸ்ரீரங்கப்பட்டணம் போய் வந்தார். வழிச் செலவுக்கென்று ஹைதர் கொடுத்த பணத்தையும் தமக்கென்று வைத்துக்கொள்ளாமல் தஞ்சாவூரில் பள்ளிக்கூடத்துக்காக ஒதுக்கினார். ஆனால் தூது பலிக்கவில்லை. 1780-ல் ஹைதரின் படை கர்நாடகத்துக்குள் வெள்ளம் போல் புகுந்தது. அப்போதும் சுவார்ட்ஸை யாரும் தொடக்கூடாது, அவர் எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று தம் தளகர்த்தர்களுக்கு ஹைதர் உத்தரவிட்டிருந்தார். தஞ்சையில் பஞ்சம் வந்து கோட்டையில் தானியம் தீர்ந்தபோது, மகாராஜா பணம் தருவதாகச் சொல்லியும் குடியானவர்கள் மாடுகளையும் நெல்லையும் கொண்டுவர மறுத்தார்கள். முன்பு ஏமாந்தவர்கள் அவர்கள். சுவார்ட்ஸ் தாம் பொறுப்பேற்றுக்கொள்வதாக எழுதியனுப்பினார். வண்டிகள் வந்து சேர்ந்தன. ஒவ்வொருவருக்கும் உரிய விலையை அவரே முன்னின்று கொடுத்தார்.

அரசனுடைய வார்த்தை செல்லாத இடத்தில் ஒரு பட்டாளத்துப் பாதிரியின் வார்த்தை செல்லுபடியாயிற்று. காரணம் வெளிப்படை. அவர் தமக்கென்று எதையும் கேட்கவில்லை. கும்பினியாரோ அந்த நாணயத்தைத் தங்கள் ராஜதந்திரத்துக்குச் செலவழிக்கப் பார்த்தார்கள். மத போதகரின் நற்பெயரைச் சர்க்கார் தன் காரியத்துக்குக் கடன் வாங்கினால், வட்டியும் முதலும் போவது போதகருக்குத்தான். இது படைகளை நடத்துகிற எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம்.

தலைப்பாகையும் தலையும்

மேற்சொன்ன பாதிரிகள் எல்லாரும் வெள்ளைச் சிப்பாய்க்காக வைக்கப்பட்டவர்கள். நம்மவனுக்கு யார் இருந்தார்கள்? கும்பினியின் புத்தகத்தில் அவனுக்கென்று எவரும் இல்லை. அவன் தன் தெய்வத்தைத் தன் மூட்டையிலேயே கட்டிக்கொண்டு போனான். நெற்றியில் இட்ட திருநீறோ நாமமோ, காதில் போட்ட கடுக்கனோ, முகத்தில் வளர்த்த தாடியோதான் அவனுடைய கோயிலும் மசூதியும். பட்டாளத்தில் அவனுக்கு மிச்சமிருந்த சொந்தச் சொத்து அவ்வளவுதான்.

அதன்மீதும் உத்தரவு கை வைத்தது. 1805 நவம்பரில் சென்னைச் சேனாதிபதி சர் ஜான் கிரடாக் புதிய விதிகளை ஏற்படுத்தினார். உடுப்பு அணிந்திருக்கும்போது சமயச் சின்னம் எதுவும் நெற்றியில் இருக்கக்கூடாது. காதில் கடுக்கன் கூடாது. அணிவகுப்புக்கு வருகிறவன் தாடியை மழித்துவிட்டு வரவேண்டும். மீசையும் ஒரே மாதிரியாக இருக்கவேண்டும். இவற்றோடு, தோல் பட்டை வைத்த ஒரு புதிய தலைப்பாகையும் வந்தது. பார்த்தவர்களுக்கு அது வெள்ளைக்காரத் தொப்பியாகவே தோன்றியது. தொப்பி போட்டவன் ஜாதியை விட்டவன் என்று ஊரார் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

1806 மே மாதத்தில் வேலூரில் ஒரு பட்டாளம் தலைப்பாகையை அணிய மறுத்தது. இருபத்தொரு பேர் சென்னைக்குக் கொண்டுபோகப்பட்டு விசாரிக்கப்பட்டார்கள். ஓர் ஹிந்துவுக்கும் ஒரு முஸல்மானுக்கும் தலா 900 கசையடி. மற்றவர்களுக்கு 500 அடி விதித்து, மன்னிப்புக் கேட்டதன் பேரில் அது தள்ளப்பட்டது. ஹிந்துவும் முஸல்மானும் ஒரே கம்பத்தில் அடி வாங்கியது அவர்களை ஒன்றாக்கிவிட்டது. ஜூலை 10-ந் தேதி விடிவதற்கு முன் வேலூர்க் கோட்டை வெடித்தது. ஆங்கில அதிகாரிகள் பதினான்கு பேரும், 69-வது பட்டாளத்து வெள்ளைச் சிப்பாய்கள் ஏறக்குறைய நூறு பேரும் மாண்டார்கள். ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப் படையுடனும் பீரங்கிகளுடனும் விரைந்து வந்து கோட்டையைத் திரும்பப் பிடித்தபோது, நம்மவர்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள்.

அதே மாதத்தில் கும்பினியார் அந்த உத்தரவுகளை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். 1807-ல் கவர்னர் பெண்டிங்கும் சேனாதிபதி கிரடாக்கும் சீமைக்குத் திருப்பி அழைக்கப்பட்டார்கள். பின்வாங்கிய உத்தரவை முன்பே பின்வாங்கியிருந்தால் எத்தனை உயிர்கள் மிஞ்சியிருக்கும்! திப்பு சுல்தானின் மக்கள் அக்கோட்டையில் சிறை வைக்கப்பட்டிருந்தார்கள் என்பதும், சம்பளக் குறைவும், அந்நிய ஆதிக்கத்தின் மீதிருந்த வெறுப்பும் புரட்சிக்குக் காரணங்கள்தாம். ஆனால் மருந்தில் விழுந்த பொறி தலைப்பாகையே. சிப்பாயின் மனம் புண்பட்டிருக்கிறது என்று தளபதியிடம் அஞ்சாமல் சொல்லக்கூடிய ஒருவர், சிப்பாயின் நம்பிக்கைக்கும் பாத்திரமான ஒருவர், அப்படையில் இல்லாமற் போனார். கசைக்கம்பம் மட்டுமே இருந்தது.

சேனாதிபதியின் மனச்சாட்சி

வேலூரில் சூடு கண்ட கும்பினி பிறகு மறு கோடிக்கு ஓடிற்று. கோயில் நிர்வாகத்தையும் யாத்திரை வரியையும் தன் கையில் வைத்துக்கொண்டது. உற்சவங்களுக்குப் பட்டாளத்தை அனுப்பி மரியாதை செய்யச் சொல்லிற்று. இப்போது புண்பட்டவர்கள் கிறிஸ்தவர்கள். சென்னைச் சைனியத்தின் சேனாதிபதியாக இருந்த சர் பெரகிரின் மெயிட்லண்டு, தம் மனச்சாட்சிக்கு ஒவ்வாத சமயச் சடங்குகளில் படையைச் சம்பந்தப்படுத்த இணங்காமல் 1838-ல் பதவியையே துறந்துவிட்டார்.

முப்பத்திரண்டு வருஷ இடைவெளியில் ஒரே சைனியத்தில் நடந்த இவ்விரண்டு சம்பவங்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். முன்னதில் நெற்றிக் குறியை அழி என்ற உத்தரவு. பின்னதில் அந்நியத் தெய்வத்துக்கு வணக்கம் செய் என்ற உத்தரவு. உத்தரவுகள் நேர் மாறானவை. தொட்ட இடம் ஒன்றேதான். வித்தியாசம் இதுதான்: சேனாதிபதிக்கு ராஜினாமா எழுதித் தந்துவிட்டுக் கப்பலேற முடிந்தது. சிப்பாய்க்கு முதுகைக் காட்டுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

கடலூர் மாதரசி

சிப்பாயின் சமய உணர்ச்சியை அறியாமல் புண்படுத்தியவர்கள் உண்டு. அறிந்தே அதை ஆயுதமாக்கியவனும் உண்டு. 1857-ல் சென்னைப் பட்டாளத்துடன் வடக்கே சென்ற கர்னல் நீல் அப்படிப்பட்டவன். கான்பூரில் ஆங்கில ஸ்திரீகளும் குழந்தைகளும் கொலையுண்டது கொடுமையே. அதை எவரும் நியாயப்படுத்த மாட்டார்கள். ஆனால் அதற்கு நீல் தேர்ந்தெடுத்த தண்டனை எது? பிடிபட்ட கைதிகளைத் தூக்கிலிடுவதற்கு முன்னால், உறைந்து கிடந்த இரத்தத்தை அவர்கள் கையாலேயே துடைத்துச் சுத்தம் செய்ய வைத்தான்; மறுத்தவர்களைச் சவுக்கால் அடிப்பித்தான். இரத்தத்தைத் தீண்டினால் மறுமையில் தங்களுக்குக் கதியில்லை என்று இவர்கள் நம்புகிறார்கள், அப்படியே நம்பட்டும் என்பது அவனுடைய எண்ணம். உடலைக் கொல்வது போதாதென்று ஆத்மாவையும் கொன்றுவிட நினைத்தான்.

அவனுக்குச் சென்னை மவுண்ட் ரோடில் சிலை வைத்தார்கள். அதை அகற்றவேண்டும் என்று 1927-ல் சத்தியாக்கிரகம் தொடங்கியபோது, கடலூர் முதுநகரைச் சேர்ந்த அஞ்சலையம்மாள் தம் சிறு பெண் அம்மாக்கண்ணுவையும் அழைத்துக்கொண்டு போராட்டத்தில் இறங்கிச் சிறை சென்றார். அந்தக் குழந்தைக்கு லீலாவதி என்று பெயர் சூட்டியவர் மகாத்மா காந்தி. 1937-ல் ராஜாஜியின் மந்திரிசபை அச்சிலையைத் தெருவிலிருந்து எடுத்துக் காட்சிசாலைக்கு அனுப்பிற்று. செயின்ட் டேவிட் கோட்டையில் பிறந்த கும்பினிப் பட்டாளத்தின் பாவம் ஒன்றை அதே கடலூர்ப் பெண்மணி ஒருவர் கழுவப் புறப்பட்டார் என்றால், அதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

சிங்கப்பூர்க் கோயிலில்

அந்நியன் வைத்த படையைப் பார்த்தோம். நாமே வைத்த படை எப்படி இருந்தது? நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் இந்திய தேசிய ராணுவத்தில் மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். ஆங்கிலேயர் நடத்திய பட்டாளத்தில் ஹிந்துவுக்கு ஓர் அடுப்பு, முஸல்மானுக்கு ஓர் அடுப்பு என்று தனித்தனிச் சமையல் நடந்தது. நேதாஜியின் படையில் அடுப்பு ஒன்றாயிற்று; ஜெய்ஹிந்த் என்ற ஒரே வணக்கம் எல்லார் வாயிலும் ஒலித்தது.

1943-ல் சிங்கப்பூர்ச் செட்டியார் கோயிலிலிருந்து நேதாஜிக்கு அழைப்பு வந்தது. படைக்குப் பெரும் பொருள் கொடுக்க வல்லவர்கள் அவர்கள். ஆயினும், தம்முடைய சகாக்களில் எந்த ஜாதியாரையும் எந்த மதத்தாரையும் வாசலில் நிறுத்திவிட்டுத் தாம் உள்ளே வரமுடியாது என்று நேதாஜி மறுத்துவிட்டார். கோயிலார் யோசித்துச் சம்மதித்தார்கள். முஸல்மானான அபீத் ஹாஸன் தயங்கியபோது, நேதாஜி அவரையும் உடனழைத்துச் சென்றார். எல்லாருக்கும் நெற்றியில் திலகம் இடப்பட்டது. வெளியே வந்ததும் நேதாஜி தம் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மற்றவர்களும் அவ்வாறே செய்தார்கள். அபீத் ஹாஸன் பிற்காலத்தில் இந்நிகழ்ச்சியை நினைவுகூர்ந்திருக்கிறார்.

நெற்றிக் குறியை அழிக்கச் சொல்லி வேலூரில் இரத்தம் பெருகிற்று. சிங்கப்பூரில் குறியை இட்டுக்கொண்டதும் துடைத்ததும் ஒருவர் மனத்தையும் வருத்தவில்லை. ஏனெனில் நேதாஜி தம் வீரர்களுக்கு உத்தரவு போடுவதற்கு முன்னால் கோயிலின் கதவைத் திறக்கச் சொன்னார். பிறகு தாமே முதலில் நடந்தார்.

அதே 1943-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில், பூமியின் வேறொரு கோடியில், வட அட்லாண்டிக் சமுத்திரத்தில் 'டார்செஸ்டர்' என்ற அமெரிக்கத் துருப்புக் கப்பல் குண்டடிபட்டு மூழ்கியது. அதில் சைனியப் போதகர்கள் நால்வர் இருந்தனர்: இரு புராட்டெஸ்டண்டு பாதிரிமார், ஒரு கத்தோலிக்கக் குரு, ஒரு யூத குரு. தங்கள் மிதவைச் சட்டைகளைக் கழற்றி, இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிட்டு, நால்வரும் கைகோத்து நின்று பிரார்த்தித்தபடியே கடலுக்குள் போனார்கள். சட்டையைக் கொடுக்கும்போது வாங்குகிறவன் எந்த மதம் என்று அவர்கள் கேட்கவில்லை.

குடியரசின் படையில்

சுதந்திர இந்தியாவின் ராணுவத்தில் மத போதகர் என்பது ஒரு முறையான பதவி. பண்டிதர், கிரந்தி, மௌல்வி, பாதிரியார், பௌத்த பிக்ஷு ஆகியோர் நாயப் சுபேதார் அந்தஸ்தில் சேர்க்கப்படுகிறார்கள். பட்டம் பெற்றிருக்க வேண்டும். அதோடு அந்தந்த மதத்துக்குரிய கல்வியோ, குருப்பட்டமோ பெற்றிருக்க வேண்டும். புணேயில் உள்ள தேசிய ஒருமைப்பாட்டுக் கழகத்தில் எல்லா மதத்துப் போதகர்களும் ஒன்றாகப் பயிற்சி பெறுகிறார்கள். தன் மதத்தவனுக்கு மட்டும் ஆறுதல் சொல்லத் தெரிந்தவன் பட்டாளத்துக்குப் போதமாட்டான் அல்லவா?

அவர்களுக்கு வகுத்திருக்கும் கடமைகளைப் படித்தால் மனம் நெகிழும். படையின் வழிபாட்டு ஸ்தலத்தில் பூஜை, தொழுகை முதலியவற்றை நடத்துவது. இறந்தவர்களின் ஈமக் கிரியைகளுக்குச் செல்வது. ஆஸ்பத்திரியில் கிடக்கும் நோயாளிகளைப் பார்ப்பது. குணமடைந்து வருகிறவர்களோடு சேர்ந்து பிரார்த்திப்பது. வீரர்களின் குழந்தைகளுக்குச் சமயக் கல்வி புகட்டுவது. இவற்றோடு இன்னொன்றும் இருக்கிறது: தண்டனை அடைந்து காவலில் இருக்கும் சிப்பாயைப் போய்ப் பார்ப்பது. ஊரும் படையும் கைவிட்ட ஒருவனிடம் அந்தப் பண்டிதரோ பாதிரியாரோ போய் உட்காருகிறார். 1806-ல் கசைக்கம்பம் நின்ற இடத்தில் இப்போது ஒரு மனிதர் இருக்கிறார். சுதந்திரம் கொண்டுவந்த மாறுதல்களில் இதுவும் ஒன்று.

படைகள் பலவற்றில் 'சர்வ தர்ம ஸ்தல்' என்று ஒரே கூரையின் கீழ்க் கோயிலும் மசூதியும் குருத்வாராவும் மாதாகோயிலும் அமைந்திருக்கின்றன. நீலகிரியில் வெலிங்டனைத் தலைமை இடமாகக் கொண்ட மதராஸ் ரெஜிமெண்டு, 1758-ல் அமைந்த பழைய பட்டாளங்களின் வழி வந்தது. அதில் தமிழரும் மலையாளிகளும் தெலுங்கரும் கன்னடியரும், ஹிந்து, கிறிஸ்தவர், முஸல்மான் என்ற பேதமின்றிச் சேர்ந்து பணியாற்றுகிறார்கள்.

போதகர் எட்டாத உயரங்களில் வீரர்கள் தங்களுக்குத் தாங்களே தெய்வத்தைத் தேடிக்கொள்வதும் உண்டு. சிக்கிமில் நாதுலா கணவாய்க்கு அருகே 1968-ல் இறந்த ஹர்பஜன் சிங் என்ற சிப்பாய்க்குத் தோழர்கள் கோயில் எடுத்தார்கள். அவருடைய படுக்கையை விரித்து வைப்பதும், பூட்ஸைத் துடைத்து வைப்பதும் வழிபாடாயின. அவருக்குப் பதவி உயர்வும் உண்டு. பல வருஷங்கள் வரையில் ரெயிலில் இடம் பதிந்து அவரைச் சொந்த ஊருக்கு லீவில் அனுப்பும் வழக்கமும் இருந்தது. பகுத்தறிவாளர்கள் சிரிக்கலாம். பனியில் இரவெல்லாம் காவல் நிற்கிறவனுக்குத் தன்னைப் போல ஒரு சிப்பாய் கூட நின்று விழித்திருக்கிறான் என்ற எண்ணம் எவ்வளவு பெரிய துணை என்பது, அங்கே நின்றவனுக்கல்லவா தெரியும்?

கருவறை வாசலில் ஒரு கேள்வி

ஆனால் பழைய கேள்வி முற்றும் தீர்ந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. 2017-ல் ராணுவத்தில் சேர்ந்த ஓர் இளம் கிறிஸ்தவ அதிகாரி, சீக்கிய வீரர்கள் கொண்ட ஒரு பிரிவுக்குத் தலைவராக இருந்தார். வாராந்தர சமய அணிவகுப்பின்போது தம் வீரர்களுடன் கோயிலுக்கும் குருத்வாராவுக்கும் செல்வார். கருவறைக்குள் நுழைந்து பூஜையில் கலந்துகொள்ள மட்டும் தம் மதம் இடந்தரவில்லை, வாசலிலேயே நிற்க அனுமதி வேண்டும் என்று கேட்டார். மேலதிகாரிகள் எடுத்துச் சொன்னார்கள்; ஒரு பாதிரியாரும் ஆலோசனை கூறினார்; அவர் இணங்கவில்லை. 2021-ல் வேலையினின்றும் நீக்கப்பட்டார். 2025 மே மாதத்தில் டில்லி ஹைக்கோர்ட்டும் நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டும் அந்த நீக்கத்தை உறுதி செய்தன.

நீதிபதிகளின் நியாயம் எளிதில் தள்ளக்கூடியதன்று. தன்னோடு சாகத் தயாராயிருக்கும் வீரர்கள் தங்கள் குருவின் முன் தலைவணங்கும்போது, தலைவன் மட்டும் விலகி நின்றால் அவர்கள் மனம் என்ன பாடுபடும்? படையின் ஒற்றுமை என்பது ஏட்டில் எழுதும் வார்த்தையன்று; அது குலைந்தால் போர்முனையில் உயிர்கள் போகும். சட்டத்தின் முடிவை நாம் மதிக்கிறோம்.

எனினும், நெற்றிக் குறிக்காக 900 அடி வாங்கிய சிப்பாயின் பேரர்கள் நாம். அவனுக்காக வருந்திக்கொண்டே இவருக்காக ஒரு கணமும் வருந்தாமல் இருப்பது நேர்மையாகாது. அங்கே பெரும்பான்மையோரின் மனச்சாட்சியை உத்தரவு தொட்டது. இங்கே தனி ஒருவரின் மனச்சாட்சியைத் தொட்டது. எண்ணிக்கை குறைவு என்பதால் வலி குறைந்துவிடாது. இப்படிப்பட்ட சிக்கல் தோன்றும்போது முதலில் அழைக்கப்பட வேண்டியவர் போதகர். கடைசியாக அழைக்கப்பட வேண்டியவர் வக்கீல். போதகரும் சர்க்காரின் தூதுவராக வந்து உபதேசம் செய்துவிட்டுப் போனால் போதாது. இரு தரப்பாருக்கும் சொந்தமானவராக நடுவில் உட்கார வேண்டும். வீரர்களிடம் சென்று, உங்கள் தலைவர் வாசலில் நிற்பது உங்களை அவமதிப்பதற்காக அல்ல என்று சொல்லவேண்டும். தலைவரிடம் சென்று, அவர்கள் உம்மை அழைப்பது உம் தெய்வத்தைப் பறிப்பதற்காக அல்ல என்றும் சொல்லவேண்டும். அப்படிச் சொல்லும்போது இரண்டு பேரும் நம்பும்படியான நாணயம் அவரிடம் இருக்கவேண்டும். தஞ்சைக் குடியானவர்கள் சுவார்ட்ஸ் ஐயரிடம் கண்ட நாணயம் அதுவே.

ஆகையால் பட்டாளத்துப் போதகருக்குச் சீருடை கொடுக்கும் சர்க்கார், அந்தச் சீருடைக்குள் ஓர் அங்குல இடத்தைத் தனக்கென்று கேட்காமல் விட்டுவிட வேண்டும். உத்தரவுக்குப் பணிந்து உயிரைக் கொடுக்கச் சிப்பாய் வந்திருக்கிறான். உயிரைக் கேட்கும் உரிமை தேசத்துக்கு உண்டு. அதற்கு அப்பாலும் ஒன்று இருக்கிறதே, அது அவனுக்கும் அவன் ஆண்டவனுக்கும் இடையிலான பற்று. அதை அவனாக மனமுவந்து படைத்தால் படை பலப்படும். பறித்தால், வேலூரில் நடந்ததைத்தான் சரித்திரம் திருப்பிச் சொல்லும்.

மஞ்சக்குப்பத்துக்காரர்களுக்கு இது புதிய சேதியன்று. கல்லோடு கட்டிக் கடலில் எறியும்படி பல்லவ மன்னன் திருநாவுக்கரசருக்குத் தண்டனை விதித்தான் என்றும், அந்தக் கல்லே தெப்பமாகி அவரைத் திருப்பாதிரிப்புலியூர்க் கரையில் சேர்த்தது என்றும் பெரியபுராணம் கூறுகிறது. அவர் கரையேறிய இடம் கரையேறவிட்ட குப்பம் என்று பெயர் பெற்று அருகிலேயே இருக்கிறது. அதே கடற்கரையில்தான் பீரங்கிக் குண்டு எட்டிய அளவுக்குக் கும்பினியார் எல்லை கட்டினார்கள். அரசனுடைய ஆணையும் பீரங்கியின் குண்டும் எங்கே போய் நின்றுவிடுகின்றன என்பதை அந்தக் கரை நன்றாக அறியும்.